டேமையும் வெப்சைட்டையும் இணைக்கப் போறியா? அக்காவோட 7 டிப்ஸ்

ஆபீஸ் போட்டோ எல்லாத்தையும் ரிசோர்ஸ்ஸ்பேஸ்ல ஏத்தியாச்சு, இனிமே வேர்ட்பிரஸ் சைட்டோட இணைக்க வேண்டியது உன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்களா? பயப்படாதே தங்கச்சி. ரிசோர்ஸ்ஸ்பேஸ் 2006ல ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்துக்காக ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் டேம் (DAM), அதாவது போட்டோ, வீடியோ ஃபைல்களைச் சேர்த்து வச்சு நிர்வகிக்கிற மென்பொருள். அதுல ஏபிஐ இருக்கு. வேர்ட்பிரஸ்லயும் 2016ல வந்த 4.7லேருந்து ரெஸ்ட் ஏபிஐ கூடவே வருது. ரெண்டையும் பேச வைக்கிறது சுலபம். பேச வச்ச பிறகு எது அசல், எது நகல்னு தெரியாமப் போறதுதான் தலைவலி. அதனால பிளகின் தேடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் முடிவு பண்ணிக்கோ.

1. அசல் ஒரே இடத்துல

அசல் ஃபைல் டேம்ல மட்டும்தான் இருக்கணும். வேர்ட்பிரஸ் மீடியா லைப்ரரில யாரும் நேரா அப்லோட் பண்ணக்கூடாதுன்னு எடிட்டோரியல்ல பேசி முடிச்சுடு. அவசரம்னு ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், அப்புறம் எல்லாருக்கும் அவசரம்தான்.

2. நகலா, லிங்க்கா?

லிங்க் கொடுத்தா டேம்ல படத்தை மாத்தின உடனே சைட்லயும் மாறும். ஆனா டேம் சர்வர் படுத்துட்டா சைட்ல அத்தனை படமும் காணாமப் போகும். நகல் எடுத்தா அந்தப் பயம் இல்லை. ஆனா டேம்ல பண்ற திருத்தம் தானா வந்து சேராது. அடிக்கடி மாறுற லோகோ, புராடக்ட் படத்துக்கு லிங்க் சரி, ஆனா நடுவுல படத்தோட நகலை வச்சுத் தர்ற ஒரு சிடிஎன் இருக்கட்டும். செய்தி, கட்டுரைக்கு நகல்தான் நல்லது. நகல் எடுக்கும்போது டேம்ல அந்தப் படத்துக்கு இருக்குற ஐடியையும் வேர்ட்பிரஸ்ல ஒரு கஸ்டம் ஃபீல்டுல சேர்த்து வை. பின்னாடி எதைத் தேடணும்னாலும் அந்த நம்பர்தான் வழி காட்டும்.

3. எந்தக் கட்டம் எங்கே போகுது?

தலைப்பு, கேப்ஷன், போட்டோகிராபர் பேர், காப்பிரைட், ஆல்ட் டெக்ஸ்ட் – இது அஞ்சும் டேம்லேருந்து வேர்ட்பிரஸ்ல எந்தக் கட்டத்துக்கு (ஃபீல்டுக்கு) போகணும்னு ஒரு தாள்ல எழுதிக்கோ. கேப்ஷனை அப்படியே ஆல்ட்ல கொட்டாதே. ஆல்ட் டெக்ஸ்ட், பார்வை இல்லாதவங்களுக்குப் படத்துல என்ன இருக்குன்னு சொல்றதுக்கு. போட்டோவுக்குள்ள விவரம் சேர்க்கிறதுக்கான ஐபிடிசி தரத்துலயே 2021லேருந்து அதுக்குத் தனி இடம் இருக்கு.

4. ஃபைல் பேர்ல தமிழ் வேண்டாம்

தமிழ்ப் பேர் யூஆர்எல்லுக்குள்ள போனா ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தா நீளும். ‘கோயில்’னு ஒரு சொல் மட்டுமே 54 எழுத்து! ஃபைல் பேருக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்; தமிழைத் தலைப்புலயும் டேக்லயும் தாராளமா வை. டேக்ல ‘கோயில்’, ‘கோவில்’னு ரெண்டும் கலந்தா தேடும்போது பாதிப் படம் வராது. ஒரே எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்து, டேக்கைப் பட்டியல்லேருந்து மட்டும் எடுக்குற மாதிரி செட் பண்ணு.

5. அளவைக் குறைச்சு அனுப்பு

பெரிய டிஃப் ஃபைலை அப்படியே தள்ளாதே. 2019ல வந்த 5.3லேருந்து 2560 பிக்சலைத் தாண்டின ஜேபெக் படத்தை வேர்ட்பிரஸ் தானே சுருக்கிக்கும். ஆனா அசலையும் வச்சுக்கும், அதுக்கு மேல பல சைஸும் உருவாக்கும். ஹோஸ்டிங் இடம் வேகமா நிரம்பும். டேம்லயே 2560க்குள்ள ஜேபெக் இல்லைன்னா வெப்பி வர்ற மாதிரி ஒரு பிரீசெட் போடு. அதுலயே ஜிபிஎஸ் விவரம் நீங்கட்டும். வீட்லயோ பள்ளிக்கூடத்துலயோ எடுத்த படம்னா இது கட்டாயம்.

6. சாவியைப் பத்திரமா வை

இணைப்புக்குன்னு வேர்ட்பிரஸ்ல தனி யூசர் உருவாக்கு. படம் ஏத்த ‘ஆத்தர்’ உரிமையே போதும். அட்மின் உரிமை கொடுக்காதே. 2020ல வந்த வேர்ட்பிரஸ் 5.6லேருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்டு வசதி இருக்கு. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியா எடுத்தா, சந்தேகம் வந்ததை மட்டும் ரத்து பண்ணிக்கலாம். டேமோட ஏபிஐ சாவி பிரவுசருக்குப் போற ஜாவாஸ்கிரிப்ட்ல இருக்கவே கூடாது.

7. உரிமம் முடிஞ்ச படத்தை யார் எடுப்பாங்க?

ஒரு வருஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கின படம்னா, கெடு முடிஞ்சது டேமுக்குத் தெரியும். சைட்ல இருக்குற நகலுக்கு எப்படித் தெரியும்? தினமும் ராத்திரி கெடு முடிஞ்ச ஐடிகளை எடுத்து, அந்தப் படம் இருக்குற பக்கங்களை எடிட்டருக்கு மெயில் பண்ற வேலை ஒண்ணு ஓடட்டும். வேர்ட்பிரஸோட சொந்த கிரான் (நேரம் வச்சு வேலையை ஓட்டுற வசதி), யாராவது சைட்டுக்கு வந்தாத்தான் ஓடும்; அதனால ஹோஸ்டிங் பேனல்ல நிஜமான கிரான் ஜாப் போட்டுடு.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்டேஜிங் சைட்ல கொஞ்சம் படத்தை மட்டும் ஓட்டிப் பாரு. ஒண்ணை டேம்ல மாத்து, ஒண்ணை அழி, ஒண்ணுக்குக் கெடுவை நேத்தைக்கு வை. மூணுக்கும் சைட்ல நீ நினைச்சதே நடந்தா லைவ்ல போடு. டேம், வேர்ட்பிரஸ் ரெண்டுல எதை அப்டேட் பண்ணாலும் இதே சோதனையை மறுபடி செய்.