விடுதி முகவரியில் ஓர் ஓட்டு



படிப்பது படூரில், சொந்த ஊர் தேனிப் பக்கம். ஓட்டுப் போடுவதற்காகக் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து இரவெல்லாம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டியதில்லை. ஓராண்டுக்குக் குறையாத, அங்கீகாரம் பெற்ற படிப்பில் இருக்கும் மாணவர், தங்கியிருக்கும் விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். படிவம் 6-உடன் முதல்வரோ பதிவாளரோ தரும் போனஃபைடு சான்றிதழைச் சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதி அப்போது திருப்போரூர். ஊரிலும் இங்கும் இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூட வேண்டும். அங்கே வரவு செலவு வாசிக்கப்படும். டேங்கர் லாரித் தண்ணீர், தெருமுனைக் குப்பை, எரியாத விளக்கு என்று நீங்கள் தினமும் அலுத்துக்கொள்பவை அங்கே தீர்மானமாகலாம். லட்சம் பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் உங்கள் குரல் தனியாகக் கேட்காது. கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். படூர் போன்ற ஊர்களில் வாடகைக்கும் விடுதியிலும் இருக்கும் இளைஞர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரத் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரின் குடவோலையைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டின்படி, 35 வயது நிறையாதவர் பெயர் குடத்துக்குள் போக முடியாது. வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேறு வேண்டும். நீங்கள் வெளியேதான் நின்றிருப்பீர்கள். நம் காலத்திலும் 1989 மார்ச் வரை 21 வயதுக்குக் கீழிருந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது. இன்று 21 வயதில் ஊராட்சித் தலைவர் பதவிக்கே போட்டியிடலாம். 2021 அக்டோபர் ஊராட்சித் தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் சாருகலா என்ற இளம் பொறியியல் பட்டதாரி வென்றார். படூர் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டமும் அதே தேர்தலில்தான் வாக்களித்தது.

அறைத் தோழருக்கு இன்னும் 18 நிறையவில்லை என்றீர்கள். 17 முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிறைகிறதோ, அதை ஒட்டிப் பெயர் சேரும். அவரையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள்.