தறிக்கொட்டகை வீடாகுமா?

தறி ஓய்ந்து கிடக்கும் கொட்டகையை மகனுக்கோ மகளுக்கோ வீடாக்க நினைக்கிறீர்களா? கொத்தனாரைக் கூப்பிடும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: அடிமனை யாருடையது? பக்கத்தில் இருக்கும் கோயில் எது?

காஞ்சிபுரத்தில் கோயில் மனையில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் நிறைய. வாடகை ரசீது கையில் இருந்தாலும் நிலம் சாமியுடையதுதான். கோயில் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தால் வில்லங்கச் சான்றையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

அடுத்தது தூரம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். ஆனால் 100 மீட்டருக்குள் இருந்தாலும், 16.6.1992-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்க விண்ணப்பிக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: தாத்தா காலத்து வீட்டுவரி ரசீதைப் பழைய தாள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொட்டகையின் வயதுக்கு அதுதான் சாட்சி.

இந்த இரண்டும் சரியென்றால் மற்றது சுலபம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதானால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் இணையத்திலேயே அனுமதி கிடைக்கும். பழைய சுவரை வைத்துக்கொண்டு மாற்றுவதானால், பதிவுபெற்ற பொறியாளரிடம் வரைபடம் போட்டு, மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முதலில் கேளுங்கள். சொத்துவரிப் பதிவையும் மாற்றவேண்டும்.

மின் இணைப்பை மறந்துவிடாதீர்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், வீட்டுக்கு 100தான். தறியை எடுத்த பிறகும் சலுகையை அனுபவித்தால் அபராதம் வரும். இடமிருந்தால் ஒரு தறியையாவது விட்டுவையுங்கள் என்பது என் ஆசை. அப்படி வைத்தால், எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று மின்வாரியத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகத் தறிக்குழி. அப்பா கால் தொங்கவிட்டு மிதி மிதித்த அந்தக் குழியை ஒரே நாளில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அடுத்த மழைக்கே தரை இறங்கிவிடும். அரையடி அரையடியாக மணல் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு கட்டையால் இடித்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.