எட்டு டம்ளர் காபி

அன்புத் தம்பிக்கு,

இரண்டாம் ஆண்டு உளவியல் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி முறையியல் பேப்பரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். புதிதாகச் சேருகிறவரிடம்தான் அது எப்போதும் வந்து விழும். மனசைப் பற்றிப் படிக்க வந்தோம், இதென்ன கணக்கு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். முதல் நாளே போர்டில் இலக்கணம் எழுதிப் போடாதே. கேன்டீனில் எட்டு டம்ளர் கேட்டு வாங்கு.

புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் எழுதிய புத்தகத்தில் வரும் தேநீர்ச் சோதனை உனக்குத் தெரிந்ததுதான். நான் அதைக் காபிக்கு மாற்றிக்கொண்டேன். "பாலை முதலில் ஊற்றினதா, டிகாக்‌ஷனையா, ஒரு வாய் குடித்தாலே சொல்லிடுவேன் சார்" என்று ஒரு பையன் மார்தட்டினான். நாலு அப்படி, நாலு இப்படி என்று அவனுக்கும் தெரியும். கலந்தவர் டம்ளர் அடியில் எண் ஒட்டிவிட்டு வெளியே போய்விட வேண்டும். இல்லையென்றால் அவர் முகமே விடையைச் சொல்லிவிடும். பையன் ஆறு டம்ளரைச் சரியாகச் சொன்னான். வகுப்பே கைதட்டியது. பிறகு கணக்குப் போட்டோம். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி. குருட்டாம்போக்கில் பொறுக்கினாலும் ஆறோ எட்டோ சரியாக அமைவது அதில் 17. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! கைதட்டியவர்கள் அடங்கிப்போனார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "எட்டும் சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வைக்கலாமா சார்?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பெரியவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்து 2015-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளியிட்டார்களே, அதைச் சொல். முதலில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க' முடிவு காட்டியவை. மறுமுறை சுமார் 36 சதவீதம்தான் தேறின. எல்லாம் மோசடி என்று சொல்லிவிடாதே. சின்ன மாதிரி, 'குறிப்பிடத்தக்க' முடிவு வந்ததை மட்டும் அச்சேற்றும் வழக்கம், விரும்பினது கிடைக்கும்வரை தரவைப் புரட்டுவது என்று காரணம் பல.

என் கதையையும் கேள். ஒரு மாணவி புராஜெக்டுக்காக 120 வினாநிரல் கொண்டுவந்தாள். எல்லா டிக்கும் ஒரே சாய்வு, ஒரே நீல மை. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அவளே நிரப்பியிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வைவா நெருங்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 'தொடர்பு இல்லை' என்று முடிந்த புராஜெக்டுக்கெல்லாம் அதற்கு முந்தின வருஷம் மார்க்கைக் குறைத்தவன் நான்தான்.

அதனால் மார்க் போடும் முறையை முதலில் மாற்று. தரவு திரட்டுவதற்கு முன்பே, என்ன எதிர்பார்க்கிறோம், எத்தனை பேரிடம் கேட்கப்போகிறோம், எப்படி எண்ணப்போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு உன்னிடம் கொடுக்கட்டும். பாதி மார்க் அந்தத் தாளுக்கு. முடிவு எப்படி வந்தாலும் அதற்காக ஒரு மார்க்கும் கூடவோ குறையவோ கூடாது. துறைத் தலைவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடு. கேன்டீன்காரர் அடுத்த வருஷமும் தர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்