பச்சிலைதானே என்று கொடுக்கலாமா?

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி மருந்து, நம்மூர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் போட மாட்டார்கள். மிஞ்சினால் நரம்பைத் தாக்கும். மூலிகை கெடுதல் செய்யாது என்பவர்களுக்கு இதுவே பதில்.

கீமோ சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும் துணை வைத்தியம் புற்றுநோயைக் குணமாக்காது. வலி, குமட்டல், பயம் ஆகியவற்றைக் கொஞ்சம் தணிக்கும். உடம்புக்குள் போகாதவற்றில் தாராளமாக இருங்கள். உள்ளே போவதில் கறாராக இருங்கள்.

செய்ய வேண்டியவை

• ஊசி போடும்போது பிள்ளையின் கவனத்தைத் திருப்புங்கள். துணை முறைகளில் ஆய்வுச் சான்று அதிகம் உள்ளவற்றில் இதுவும் ஒன்று. சின்னக் குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதட்டும். ஊத ஊத மூச்சு நீண்டு உடம்பு தளரும். வளர்ந்த பிள்ளைக்கு விடுகதை, பிடித்த பாட்டு, போனில் ஒரு விளையாட்டு. “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களை நம்பாது. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டா என்று கேளுங்கள். அதை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும்.

• கை கால்களை மெதுவாக நீவி விடலாம். பிளேட்லெட் குறைந்திருந்தால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கட்டி உள்ள இடத்தையும் மருந்து ஏற்றும் குழாயையும் தொடவே வேண்டாம்.

• சில கீமோ மருந்துகள் ஏறும்போது ஐஸ் துண்டு சப்பினால் வாய்ப்புண் குறையும். எல்லா மருந்துக்கும் பொருந்தாது, நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• குமட்டலுக்குச் சமையல் அளவில் இஞ்சி போதும். வாந்தி மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள்.

• பாட்டி கொடுத்த சூரணம் உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரே என்று மறைப்பதுதான் ஆபத்து.

விபூதி பூசுவதும் நேர்ந்துகொள்வதும் சிகிச்சைக்கு இடைஞ்சல் இல்லை. விபூதியை வாயில் போடுவது மட்டும் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• பற்பம், செந்தூரம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத கஷாயம் கொடுக்காதீர்கள். சிலவற்றில் பாதரசம், ஈயம் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் மருந்துகள் இரண்டும் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிப்பவை.

• “சத்து டானிக்” வாங்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் புற்றணுக்களில் ஃபோலிக் அமிலம் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து. ஃபோலிக் அமிலம் கலந்த டானிக்கை நாமே ஊற்றினால் அந்த வேலை கெடலாம்.

• மலச்சிக்கலுக்கு வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, எனிமா எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். வின்கிரிஸ்டின் மலத்தைக் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளணு குறைந்த பிள்ளைக்குச் சிறு கீறல் போதும், கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். மலமிளக்கி மருந்து டாக்டரே தருவார்.

• கீமோவை நிறுத்தினால்தான் வைத்தியம் செய்வேன் என்பவரிடம் போகாதீர்கள். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். பிள்ளை தேறிவிட்டதுபோல் தெரியும் நடுக்கட்டத்தில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

• காய்ச்சலுக்குக் கைவைத்தியம் பார்க்காதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வார்டின் போன் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.