அமாவாசை இருட்டுக்கு எந்த சைக்கிள் விளக்கு?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அமாவாசைக்கு மேல்மலையனூர் என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு. கிரிவலம் போகிறவருக்கு நிலா துணைக்கு வரும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உற்சவம் நடப்பதோ நள்ளிரவையொட்டி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, வளத்தி வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். இதை சைக்கிளில் ஓட்ட நினைக்கிறவர் விளக்குக் கடைக்குப் போவதற்கு முன் ரோட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

செஞ்சி வரை தேசிய நெடுஞ்சாலை 77. பள்ளம் குறைவு, எதிரே வரும் லாரி வெளிச்சம்தான் தொல்லை. வளத்தி ரோட்டில் திரும்பிய பிறகு கதை வேறு. அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் ரோட்டிலேயே காயும். மேலே வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வரிசை வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை வாரி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல் மட்டும் கிடக்கும். தாரின் நிறத்திலேயே இருக்கும் அந்தக் கல் முன் சக்கரத்தைப் பிடித்துவிட்டால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார். இதோடு பெயின்ட் அழிந்த வேகத்தடை, பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர், நடுரோட்டில் படுத்து அசைபோடும் எருமை. அமாவாசை அன்று மட்டும் கூடுதலாக, ஓரமாகக் கூட்டம் கூட்டமாக நடந்து வரும் பக்தர்கள்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமென்றால் ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் போய்விடுகிறோம். கண் கல்லைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி வைத்துக்கொண்டால் எட்டு மீட்டர் அதிலேயே போயிற்று. வண்டி நிற்க இன்னும் நாலைந்து மீட்டர். ஆகவே சமதளத்தில் குறைந்தது 15 மீட்டர் தூரத்துக்கு ரோடு தெளிவாகத் தெரிய வேண்டும். இறக்கத்தில் 30-ஐத் தொடுகிறவருக்கு 25 மீட்டர். விளக்கிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமன் இதற்குப் பதில் சொல்லாது. பம்புசெட் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்பது லூமன். அது எந்தப் பாத்திக்குப் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஆயிரம் லூமன் விளக்கு பாதி வெளிச்சத்தைப் புளியமரக் கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் கொடுத்துவிட்டால் ரோட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டமாக அடிக்கும் டார்ச் வகை, மேற்புறம் வெட்டிய வெளிச்சம் தரும் வகை என இரண்டு ரகம் கிடைக்கிறது. வெட்டிய வெளிச்சம் என்பது கார், பைக் டிம் லைட் போல ஒரு கோட்டுக்கு மேலே பரவாது. ஜெர்மனியில் ரோட்டில் ஓட்டும் சைக்கிளுக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அந்த நாட்டு புஷ் உண்ட் முல்லர் நிறுவன விளக்குகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தார் ரோட்டுக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். 300 லூமனே இருந்தாலும் முழுவதும் ரோட்டில் விழுவதால் கல் தெரிகிறது. நடந்து வருகிறவர்கள் முகத்தில் கையை வைத்து மறைக்கத் தேவையில்லை. கண் கூசிப்போன மனிதர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏரிக்கரைக்கோ வண்டிப்பாதைக்கோ இறங்கினால் தீர்ப்பு மாறும். அங்கே தலைமட்டத்தில் கருவேல முள் நீட்டிக்கொண்டிருக்கும், திருப்பங்களும் அதிகம். வட்ட வெளிச்சம் இரண்டு ஓரத்தையும் மேலேயும் காட்டும். ஆனால் ஹேண்டில்பார் விளக்கு, ஹேண்டில்பார் பார்க்கும் திசையை மட்டும்தான் பார்க்கும். கரை வளையும் இடத்தில் கண் ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம் என்றாகிவிடும். அதற்குத்தான் தலையில் கட்டும் விளக்கு. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற விவசாயிகள் மாட்டிக்கொள்கிறார்களே, அதே சாதனம் போதும். கரையில் குறுக்கே போகும் விரியனையும் அது முதலில் காட்டிவிடும்.

தலை விளக்கு மட்டுமே போதுமென்று நினைக்காதீர்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் வெளிச்சத்தில் நிழல் தெரியாது. பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தோன்றும். கீழேயிருந்து அடிக்கும் ஹேண்டில்பார் விளக்கில் சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த நிழல்தான். பனியும் புழுதியும் இருந்தால் தலை விளக்கு முகத்துக்கு நேராக வெள்ளைத் திரை கட்டிவிடும். மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம், வாயைத் திறக்காமல் ஓட்டுங்கள்.

பேட்டரி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சார்ஜ் விளக்குகள் பலவற்றில் இருப்பது 18650 செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல செல்லே 3,500 மில்லி ஆம்பியர் அவரைத் தாண்டுவது அரிது. அதன் மேல் 9,900 என்று எழுதியிருந்தால் எழுதியவர் கூசாமல் பொய் சொல்கிறார். 2,600 செல்லை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் ஒன்பதரை வாட் அவர். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தோராயமாக வைத்தால், 800 லூமனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். திண்டிவனத்திலிருந்து கோயிலுக்கு நிதானமாக மிதித்தால் மூன்று மணி நேரம். 300 லூமனில் வைத்தால்தான் சரியாகப் போய்ச் சேரும், திரும்பி வர மிஞ்சாது. ஆகவே பவர் பேங்கில் மாட்டியபடியே எரிகிற விளக்கா என்று கடையிலேயே சொருகிப் பாருங்கள். சில விளக்குகள் சார்ஜ் ஏறும்போது அணைந்துவிடும்.

பழைய டைனமோவைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரில் உரசி ஓடும் அந்தக் குப்பி 6 வோல்ட்டில் 3 வாட் தரும், முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. மிதிப்பது கனக்கும், மழையில் வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் நிற்கும். இன்று அதே 3 வாட்டை முன் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள், எல்.இ.டி.யும் சேர்ந்ததால் வெளிச்சம் பல மடங்கு. நின்றாலும் சில நிமிடம் எரியும் விளக்குகள் வந்துவிட்டன. ஆடாக்ஸ் இந்தியா நடத்தும் நெடுந்தூர ஓட்டங்களில் 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27 மணி நேரம் கெடு. இரவு முழுவதும் மிதிக்கிற அவர்களுக்கு ஹப் டைனமோ பொருத்தம். மாதம் ஒருமுறை அமாவாசைக்குப் போகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கையில் பணம் குறைவென்றால் முன்விளக்கில் மிச்சம் பிடியுங்கள், பின்விளக்கில் வேண்டாம். முன்னால் இருக்கும் கல்லை மெதுவாகப் போயாவது சமாளிக்கலாம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நாம் தெரியாவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு பக்கவாட்டிலும் தெரிய வேண்டும். கேரியரில் கட்டிய பையோ தொங்கும் வேட்டியோ அதை மறைக்கக் கூடாது. சிமிட்டும் விளக்கு கண்ணை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை டிரைவர் கணிக்க, விடாமல் எரியும் விளக்கே உதவும். இரண்டு வாங்கி ஒன்றை எரியவும் ஒன்றைச் சிமிட்டவும் விடலாம். மட்கார்டில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கணுக்காலில் ரேடியம் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்தப் பட்டையைப் பார்த்ததும், மிதிக்கிற ஆள் ஒருவர் போகிறார் என்று தூரத்திலேயே பிடிபட்டுவிடும். செலவும் சொற்பம்.

ஐப்பசி, கார்த்திகை அமாவாசைகள் மழையோடு வரும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் வரை தாங்கும். அடைமழைக்கு 6 வேண்டும். எண் எதுவானாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் பயனில்லை. வாங்கும்போது அதை நான்கு தடவை திறந்து மூடிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியதும் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வெட்டிய வெளிச்சத்தின் மேல்கோடு, ஹேண்டில்பாரில் விளக்கு இருக்கும் உயரத்துக்கு ஒரு சாண் கீழே விழுகிற மாதிரி சாய்த்து, திருகை இறுக்கிவிடுங்கள். வளத்தி ரோட்டுக் குலுக்கலில் அது தளர்ந்திருக்கும். திரும்பும் முன் ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.