சுவிட்சில் ஒட்டிய டேப்



இந்த மாதப் பாடத்தை என் வீட்டில் நடந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். தவறு செய்தது நான்தான்.

போன வருஷம் போனஸ் கிடைத்ததும் வீட்டுக்கு ஆறு ஸ்மார்ட் பல்பு வாங்கிப் போட்டேன. கைப்பேசியில் தட்டினால் எரியும். சாமி மேடை இருக்கும் ஹாலில் தினமும் மாலை 7 மணிக்குத் தானாக எரியும்படி நேரமும் வைத்தேன். கோலாலம்பூர் பக்கம் வருஷம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் பொழுது சாய்கிறது. அதனால் ஒரே நேரம் வைத்தால் போதும்.

ஒரே ஒரு தொல்லை. பாட்டியும் அம்மாவும் பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஸ்மார்ட் பல்புக்குள்ளே ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது கட்டளைக்காக விழித்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் அதற்கும் கரண்ட் போய்விடும். பிறகு கைப்பேசியில் எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. எனக்குக் கோபம் வந்து, எல்லாச் சுவிட்சிலும் டேப் ஒட்டி, "இதை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு வேலை முடியத் தாமதமாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் அடித்த இடிமழையில் இன்டர்நெட் போய்விட்டது. நான் வாங்கிய பல்புக்குக் கட்டளை இன்டர்நெட் வழியாகத்தான் வரும். அன்று வரவில்லை. இரவு 9 மணிக்குக் கதவைத் திறந்தால் வீடெல்லாம் இருட்டு. சாமி மேடையில் பாட்டி ஏற்றிய விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாட்டி, சுவிட்சைத் தட்டிப் பார்க்கலையா?"

"நீதானேய்யா தொடக்கூடாதுன்னு சொன்னே. பாத்ரூம் போகணும்னு இருந்துச்சு. இருட்டுல விழுந்துட்டா உங்களுக்குத்தானே கஷ்டம்? அதான் அப்படியே உக்காந்துட்டேன்."

டேப்பை உரித்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் பல்பு எரிந்திருக்கும். பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் அப்படித்தான். அதை நான் பாட்டிக்குச் சொல்லவே இல்லை.

அன்றிரவே எல்லா டேப்பையும் உரித்தேன். பிறகு நான் கற்றுக்கொண்டவை இவை:

1. சுவர் சுவிட்ச் வீட்டில் எல்லாருக்கும் சொந்தம். பல்புக்குப் பதிலாகச் சுவிட்சையே ஸ்மார்ட்டாக மாற்றலாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் விரலால் தட்டினால் எரியும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது. நீங்களே திறந்து பார்க்காதீர்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பாட்டி நடக்கும் வழியிலும் பாத்ரூமிலும் நான் சாதாரண எல்.இ.டி. பல்பையே திரும்ப மாட்டிவிட்டேன்.

2. வாங்கும் முன்பே கேளுங்கள்: "இன்டர்நெட் போனா இது வேலை செய்யுமா?" வீட்டுக்குள்ளேயே ஒரு ஹப் வைத்து இயங்கும் வகைகளில், நேரக் கட்டளையை அந்த ஹப்பே வைத்திருப்பதுண்டு.

3. கரண்ட் போய் நடுராத்திரியில் திரும்பி வந்தால், எல்லாப் பல்பும் பளிச்சென்று எரியலாம். பல வகைகளில், முன்பு இருந்த நிலைக்கே திரும்பும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

4. கணக்குப் பாருங்கள். ஒரு பல்பு சும்மா காத்திருக்க அரை வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பல்புக்கு 3 வாட். 24 மணி நேரத்துக்கு 72 வாட்-மணி. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை 8 மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம்! ஸ்மார்ட் என்றாலே சிக்கனம் என்று நினைக்க வேண்டாம்.

5. நல்லதும் உண்டு. இரவில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். 6500 கெல்வின் வெள்ளையை, படுக்கும் முன் 2700 கெல்வின் மஞ்சளாக மாற்றி, வெளிச்சத்தையும் குறைக்கலாம். என் அறையில் இன்றும் அப்படித்தான்.

அன்று ஹாலில் எரிந்தது பாட்டி தன் கையால் ஏற்றிய விளக்கு ஒன்றுதான். அதை ஏற்ற அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் கொண்டுவந்த வசதியோ, அவருடைய வீட்டிலேயே அவரை விருந்தாளி ஆக்கிவிட்டது. பெரியவர்களுக்குச் சேவை செய்யக் கோயிலுக்கும் இல்லத்துக்கும் போகிறோம். நம் வீட்டுச் சுவிட்சிலும் அந்தச் சேவை இருக்கிறது.

இந்த வாரம் செய்து பாருங்கள்: ஒரு நாள் மாலை இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வீட்டில் மூத்தவரிடம், "கொஞ்சம் லைட்டைப் போடுங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் உதவாமல் அவரால் போட முடிந்ததா? முடியவில்லை என்றால் எதை மாற்றப் போகிறீர்கள்? அடுத்த வகுப்பில் பேசுவோம்.