இலை நிறமும் பற்றும்

பன்னிரு சார்புகளுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தும் ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு, 1868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் மலைக்கு நடைப்பயணம் தொடங்கும் இடம். பனிக்காலக் காலைகளில் படக்கருவியும் கையுமாய் அங்கு நடப்போர் பலர். மூடுபனி விலக, நாங்கு மரத்தின் செந்தளிர் தோன்றுகிறது. கண் வாயில், கண்ணும் நிறமும் கூடி அறிவு எழுவது ஊறு, “இனிது” என்பது நுகர்வு, “இன்னும் வேண்டும்” என்பது வேட்கை, “இஃது எனது” என்பது பற்று. விரல் விசையை அழுத்துமுன் இவ்வைந்தும் நிகழ்ந்துவிடுகின்றன.

பற்றப்பட்ட பொருள் எத்தகையது? உறைபனி விழும் குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தே பச்சையம் சிதைய, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ அப்போது புதிதாய் உண்டாகிறது. அங்கே செம்மை முடிவின் நிறம். நாங்கிலோ அது தொடக்கத்தின் நிறம்; தளிர் முதிரப் பசுமையாகும். படத்தில் இரண்டும் ஒரே செம்மை. முன்னும் பின்னும் அறியாதவன் பிறப்பையும் இறப்பையும் வேறுபடுத்தி அறியான். இதுவே அநித்தம்.

“அவ்வாறாயின் படம் எடுத்தல் பாவமோ?” என்று கேட்கலாம். அன்று. கண்டதும் தளையன்று, இனிமையும் தளையன்று, வேட்கையே தளை. நூற்பாலையில் இழை அறுந்தால் உடனே இணைக்க வேண்டும். இங்கோ, நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே இழையை அறுப்பதே நம் தொழில்.

பற்றுடைய கண் இனியதை மட்டுமே சட்டத்துள் வைக்கும். போனக்காட்டில் ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் தொழிற்சாலை மூடப்பட்டபின், லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலம் வறுமையில் உழன்றன. அவருள் தமிழர் பலர். பாழடைந்த பங்களாவைப் “பேய் மாளிகை” என்று தேடிச் சென்று படம் பிடிப்போர், உயிருள்ள மனிதர் வாழும் லயத்தைக் காண்பதில்லை. இல்லாத பேய்க்கு உள்ள மதிப்பு இருக்கும் மனிதனுக்கு இல்லை!

11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்கிறது. அவலோகிதன் கருணையோடு உலகை நோக்கும் போதிசத்துவன். அவன் உறையும் போதலகம் இப்பொதிகையே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அம்மலையடியில் நிற்கும் நமக்கு அந்நோக்கு வேண்டாமா?

பயிற்சி:

1. அழகியது ஒன்றைக் கண்டால் மூன்று மூச்சளவு வாளா நின்று, எழும் நுகர்வை அறிக.

2. அப்பொருள் நேற்று எவ்வாறு இருந்தது, நாளை எவ்வாறாகும் என எண்ணுக.

3. அதன் அருகே நம் கண் விட்டுவிட்டவர் யார் என நோக்குக.

எல்லா உயிரும் இன்புறுக!